மனசாஸ்பத்திரி ஸ்டாப்பிங்

சத்தமில்லாமல் பேசுகிற வித்தை அந்தக் கண்டக்டருக்குக் கைவரவே இல்லை. திருச்செங்கோட்டிலிருந்து மல்லசமுத்திரம், ஆட்டையாம்பட்டி வழியாகச் சேலம் போகிற தனியார் பஸ் ஒன்றில் அவர் வேலை பார்த்தார். சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளராக நான் சேர்ந்த நாள் முதல் காலையில் எனக்கு அந்த வண்டிதான். "அம்மிணி, ஒரு ரகசியம்" என்று அவர் ஆரம்பித்தால் டிரைவர் பாட்டை நிறுத்திவிடுவார். முன் சீட்டில் தூங்குகிறவர்கள் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள். கடைசி சீட்டுக்காரர்களுக்கும் காதைத் தீட்டிக்கொள்ளும் சிரமம் இருக்காது.

அவர் பெயரை எழுதவில்லை. அது என் முடிவு. அவரைக் கேட்டால், "இனிசியலோட போடு சாமி, கொட்டை எழுத்துல போடு" என்பார்.

ஸ்டாப்பிங்குகளுக்கு அரசாங்கம் வைத்திருக்கிற பெயர்கள் அவர் வாயில் நுழையாது. அந்த இடத்தில் என்ன இருக்கிறதோ, என்ன நடந்ததோ, அதைத்தான் கூவுவார். 'தண்ணி வராத போர்' என்று ஒரு ஸ்டாப்பிங். அந்தத் தோட்டத்துக்காரர் நாலு இடத்தில் போர் போட்டு நாலிலும் புழுதி பார்த்தவர். அவரே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் பெயர் மாறாது. 'கல்யாணம் நின்ன மண்டபம்' என்று இன்னொன்று. நூலகமும் மதுக்கடையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஓர் இடமும் வழியில் உண்டு. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தினமும் நூலகத்துக்கு டிக்கெட் வாங்குவார். "லைப்ரரி எல்லாம் எறங்குங்க! வாத்தியாரே, கடை இன்னும் தொறக்கலீங்க, அது வரைக்கும் பேப்பரு படிங்க" என்று ஒருநாள் கூவிவிட்டார். வாத்தியார் அதன் பிறகு எங்கள் பஸ்ஸில் ஏறவில்லை.

எதற்கு இப்படி மானத்தை வாங்குகிறீர்கள் என்று கேட்டால் அவரிடம் எப்போதும் ஒரே பதில்தான். "மெதுவாச் சொன்னா ஸ்டாப்பிங்கு தாண்டிப் போயிருமுங்க."

ஆட்டையாம்பட்டியில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். முறுக்கு விற்கிறவர்கள் ஜன்னலோரம் வருவார்கள். அந்த இடைவெளியில் அவர் தோல்பையைத் திறந்து, சில்லறைக்கு நடுவிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுப்பார். சில்லறை பாக்கி கேட்கிறவர்களிடம் அட்டையை நீட்டி, "சில்லறை இல்லீங்க, இதுல ஒண்ணு தரட்டுங்களா?" என்பார்.

ஒருநாள் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "சுகருங்களா?" என்று பரிவாகக் கேட்டார்.

"இல்லீங்க, மனசுக்குங்க."

பெரியவருக்குப் புரியவில்லை. "நெஞ்சு வலிங்களா?"

"நெஞ்சு கல்லாட்டம் இருக்குதுங்க. மண்டைக்குத்தான் மாத்திரை. மனசு டாக்டரு எழுதிக் குடுத்தது."

பெரியவர் கையிலிருந்த முறுக்கைக் கடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல இரண்டு சீட் தள்ளிப் போய் நின்றார். அதே பெரியவர் சற்று முன்புதான், முன்பின் தெரியாத ஒருவரிடம் தன் மூல வியாதியைப் பற்றி ஆதியோடந்தமாக விவரித்துக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் மூலத்தைப் பற்றி விருந்தில் இலை முன்னால் உட்கார்ந்துகூடப் பேசலாம். மனசைப் பற்றிப் பேசினால்தான் பந்தி கலையும்.

கண்டக்டர் தன் கதையை ஒளித்ததே இல்லை. ஏறினவர்களை எண்ணுவது அவருக்கு வியாதியாகிப் போயிருந்ததாம். ஒரு தடவை எண்ணுவார், சரியாக இருக்கும். உடனே சந்தேகம் வரும். மறுபடி எண்ணுவார். படியில் நின்ற யாரோ விழுந்துவிட்டார்கள் என்று மனசு சொல்லும். வேலை முடிந்த பிறகு தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு, வந்த வழியெல்லாம் ரோட்டோரம் பார்த்துக்கொண்டே சேலம் வரைக்கும் போவாராம். "ஊட்ல சோறு ஆறிப் போயிருமுங்க. நான் அரியானூர்ல யாராச்சும் உளுந்து கெடக்கறாங்களான்னு பாத்துக்கிட்டு நிப்பேன். இந்த மாத்திரை வந்த பொறகு ஒருக்கா எண்ணுனாப் போதும்." இதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். கேட்பவர்களுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாது. நான் சிரிப்பேன்.

சேலத்துக்குள் நுழைகிற இடத்தில், பெட்ரோல் பங்க்குக்கு எதிரே, மனநல மருத்துவமனை ஒன்று இருந்தது. மற்ற வண்டிக்காரர்களுக்கு அது 'பங்க்' ஸ்டாப்பிங். எங்கள் கண்டக்டருக்கு மட்டும் 'மனசாஸ்பத்திரி'. நல்ல வேளையாக யாரும் அங்கே இறங்கியதில்லை. போகிறவர்கள் இல்லாமல் இல்லை. அடுத்த ஸ்டாப்பிங்கான பைபாஸுக்கு டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வருவார்கள். பெண்கள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்வார்கள். ஆண்களில் ஒருவர் தலையில் மாட்டிய ஹெல்மெட்டோடேயே பஸ் ஏறுவார். பைபாஸில் இறங்கியும் அதைக் கழற்றாமல் நடப்பார். ஹெல்மெட் போட்டுக்கொண்டு ரோட்டோரம் நடந்துபோகிற மனிதரை ஊரே திரும்பிப் பார்க்கும் என்பது அவருக்கு ஏனோ தோன்றவில்லை.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் ஒருநாள் பைபாஸுக்கு டிக்கெட் வாங்க வேண்டி வந்தது.

என் அண்ணன் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற எங்கள் ரிக் லாரியோடு வடக்கே போர் போடப் போய்விட்டு, பாதியில் திரும்பி வந்தவன். வந்தவன் வந்தபடியே ஓர் அறைக்குள் உட்கார்ந்துகொண்டான். சாப்பிடு என்றால் சாப்பிட மாட்டான். தூங்கு என்றால் தூங்க மாட்டான். பேச்சு அடியோடு நின்றுவிட்டது. முன்பெல்லாம் ரிக் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகி, வீட்டில் சட்னி கேட்பதற்குக்கூடத் தெருவே அதிரக் கத்துகிறவன் அவன். அவன் சத்தம் இல்லாத வீடு எனக்குப் பயமாக இருந்தது. கேட்டால், "நான் எதுக்கு ஆவேன்?" என்று மட்டும் சொல்வான்.

ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். துளை போட்ட இடத்தில் முனி இருந்திருக்கும் என்றார் ஒருவர். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். அம்மா கோயிலில் பூக்கேட்டாள். டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்றால் வெள்ளைப் பூ, வேண்டாம் என்றால் சிவப்புப் பூ. சிவப்பு வந்தது. சாமிக்குச் சரியாகக் காது கேட்கவில்லை என்று அம்மா மறுபடியும் கேட்டாள். வெள்ளை வரும் வரைக்கும் கேட்டாள்.

அப்பாவுக்கு வேறு கவலை. எனக்கு அப்போது ஒரு சம்பந்தம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. தரகர் மாதம் இரண்டு தடவை வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஒருக்காக் காட்டிட்டு வாங்க" என்றார் அப்பா. "பொறகு உன்ற கலியாணம் முடியற வரைக்கும் அந்தப் பக்கமே தலை வெக்கப்படாது. மாப்பிள்ளை ஊட்டுக் காதுல உளுந்தா அவ்வளவுதான்."

"அது வரைக்கும் அண்ணன் இப்பிடியே இருக்கறதுங்களாப்பா?"

"அதுக்குத்தான் ஒருக்காக் காட்டச் சொல்றேன்ல?"

கார் எடுத்தால் டிரைவர் ஊரெல்லாம் சொல்லிவிடுவான். நான் தினமும் பஸ்ஸில் போகிறவள், என்னோடு போனால் யாருக்கும் சந்தேகம் வராது என்று முடிவாயிற்று. எந்தக் கண்டக்டர் இருக்கிற பஸ் என்று அப்பா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"பைபாஸ் ரெண்டு" என்றேன்.

"டெய்லி பஸ் ஸ்டேண்டு வாங்குவ, இன்னைக்கு என்ன அம்மிணி பைபாஸு?"

"அண்ணனுக்குச் சோலி இருக்குதுங்க."

அவர் அண்ணனைப் பார்த்தார். சவரம் செய்யாத முகம், தொளதொளவென்று தொங்கிய சட்டை. ஒன்றும் சொல்லாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். முதல்முறையாக அவர் வாயை மூடிக்கொண்டு போகிறார் என்று நான் முருகனுக்கு நன்றி சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன்.

பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டதும் நீளமாக விசில் ஊதினார்.

"மனசாஸ்பத்திரீ! மனசாஸ்பத்திரி எல்லாம் எறங்குங்க! திருச்செங்கோட்டு அம்மிணி, அண்ணனைக் கூட்டிக்கிட்டு எறங்கு சாமி. பைபாஸுல எறங்கி எதுக்கு வெய்யில்ல நடக்கறீங்க? பையன் உக்காரக்கூட மாட்டாம சாயறான் பாரு!"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டிரைவரும் கண்ணாடியில் பார்த்தார். எனக்குக் காது இரண்டும் நெருப்பாக எரிந்தன. அந்த மனிதரை அங்கேயே பிடித்துக் கீழே தள்ளிவிடலாமா என்று இருந்தது.

"நான் எறங்கலீங்க" என்றேன்.

"ஏன் சாமி? நானும் இங்கதான் மாத்திரை வாங்கறேன். நல்ல டாக்டரு. மருந்து கொஞ்சங் கொஞ்சமாத்தான் புடிக்கும், ஆனாப் புடிக்கும். வண்டி நிக்குது பாரு, எறங்கு."

வண்டி நின்றுகொண்டேதான் இருந்தது. நாங்கள் இறங்காமல் விசில் ஊத மாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அலுவலகத்துக்கு நேரமாகிறதே என்று யாரோ முனகினார்கள். அப்போது அண்ணன் தானாக எழுந்தான். சீட்டுக் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து நடந்து போய், படியில் இறங்கி, கீழே நின்றான். பல வாரங்களுக்குப் பிறகு அவன் தானாகச் செய்த காரியம் அதுதான். நான் பின்னாலேயே ஓடினேன். எனக்குப் பின்னால் இன்னொருவரும் அவசரமாக இறங்கினார். தலையில் ஹெல்மெட்.

காத்திருக்கும் கூடத்தில் அவர் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். மின்விசிறிக்குக் கீழேயும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. நர்ஸ் வந்து, "சார், தலையில இருக்கறதைக் கழட்டுங்க, பிரஷர் பாக்கோணும்" என்றார். கையில்தானே பார்ப்பீர்கள் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எங்கேயோ கேட்ட குரல். நர்ஸ் விடவில்லை. கழற்றினார். எங்கள் வீட்டில் மாதம் இரண்டு தடவை காப்பி குடிக்கிற தரகர்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இருவருமாகச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தோம்.

"சும்மா, தெரிஞ்சவரு ஒருத்தரைப் பாக்க வந்தேன் அம்மிணி."

"நாங்களும் சும்மாத்தானுங்க."

"அதுசெரி."

அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "தூக்கம் வரமாட்டீங்குது. ரெண்டு வருசமா இங்க வாரேன். என்ற ஊட்ல தெரியாது."

அண்ணன் தலையைத் தூக்கி, "எனக்கும் வர மாட்டீங்குதுங்க" என்றான். எங்களிடம் வீட்டில் சொல்லாததைத் தரகரிடம் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே சந்தோஷமாகவும் இருந்தது.

மாதாமாதம் வர வேண்டும், நாங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அப்பா போட்ட கட்டளையை நினைத்தேன். ஆனால் நாங்கள் வீடு திரும்புவதற்குள் பஸ்ஸில் நடந்தது அப்பாவுக்கு நாலு போன்களில் வந்து சேர்ந்திருந்தது.

"அந்தக் கண்டக்டரை நான் சும்மா உட மாட்டேன்!" என்று வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தார் அப்பா. "மொதலாளிகிட்டச் சொல்லி வேலையத் தூக்கறனா இல்லியா பாரு!"

அம்மா அடுப்படியிலிருந்து தண்ணீர் டம்ளரோடு வந்தாள். "பஸ்ஸு முழுக்கத் தெரிஞ்சு போச்சு. இனி ஆருக்கு ஒளிக்கறீங்க? மாத்திரை எங்க கண்ணு?" என்று என்னிடம் கை நீட்டினாள். அப்பா நின்றார். ஒளிப்பதற்காகத்தான் நிறுத்தச் சொன்னார், ஒளிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று முதல் மாத்திரை நிற்கவில்லை. கண்டக்டர் வேலையும் போகவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் தரகரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தரகர் நிமிர்ந்து உட்கார்ந்து, "மாப்பிள்ளைக்கு சுகர் மாத்திரை, பொண்ணோட அண்ணனுக்கு மனசு மாத்திரை. ரெண்டு ஊட்லயும் சோறு உண்ட பொறகு ஒரு டம்ளரு தண்ணி வேணும், அவ்வளவுதானுங்களே" என்றாராம். மாப்பிள்ளைக்குச் சுகர் இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. சம்பந்தம் நின்றது. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு மாதம் ஒருமுறை நானும் அண்ணனும் மனசாஸ்பத்திரிக்கே டிக்கெட் வாங்கினோம். கண்டக்டர் கூவுவார், நாங்கள் இறங்குவோம். மெல்ல மெல்ல இன்னும் சிலரும் எங்கள் பின்னால் இறங்கினார்கள். தரகர் ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு இறங்கினார். அண்ணன் சாப்பிட்டான், தூங்கினான், சவரம் செய்தான். சத்தம் மட்டும் திரும்பவில்லை. கேட்டதற்குப் பதில், அதுவும் காதோடு.

அடுத்த கோடையில் கண்டக்டரின் போக்கு மாறியது. டிக்கெட் கொடுத்து முடித்த பிறகு தலைகளை எண்ணினார். எண்ணி முடித்து மறுபடி எண்ணினார். ஒருநாள் கொண்டலாம்பட்டிப் பாலத்து மேல் விசில் ஊதி வண்டியை நிறுத்தினார். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று இறங்கிப் பின்னால் ஓடினார். லாரிகள் ஹாரன் அடித்தன. டிரைவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

"மாத்திரை போடறீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான இருந்துச்சுன்னு நிறுத்திப் போட்டேன் சாமி. டேங்க் ரொம்பிக் கெடக்குதுன்னு டீசல் ஊத்தாம ஓட்டுனாப்பல ஆயிருச்சு" என்றார். குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுவாரம் அவர் வரவில்லை. என்ன ஆயிற்று என்று பஸ்ஸில் விசாரித்தால் வயிற்று வலி என்றார்கள், லீவு என்றார்கள், தீர்த்த யாத்திரை என்றார்கள். ஒளிவுமறைவே தெரியாத அந்த மனிதரைப் பற்றி எங்கள் பஸ் குசுகுசுவென்று பேசியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இத்தனைக்கும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை நானும் சொல்லவில்லை.

அவர் இடத்துக்கு வந்தவர் மிகவும் மரியாதையானவர். டிக்கெட்டைக்கூடப் பூ கொடுக்கிற மாதிரி கொடுப்பார். அந்த மாதம் நானும் அண்ணனும் போன அன்று, பெட்ரோல் பங்க் வந்ததும் அவர், "பங்க்கு இருக்குதுங்களா" என்று தன் சட்டைப் பித்தானுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். தரகர் எழலாமா வேண்டாமா என்று சீட்டு நுனியில் இருந்தார். முந்தானையைத் தலைக்கு மேல் போட்டிருந்த பெண் ஒருத்தி குனிந்துகொண்டாள். ஒருவரும் எழவில்லை. நானும் எழவில்லை. வண்டி மெதுவாகி, மறுபடி வேகம் எடுத்தது.

"ஹோல்டேய்ன்!"

பஸ்ஸே குலுங்கியது. டிரைவர் பிரேக்கின்மேல் ஏறி நின்றுவிட்டார். அண்ணன் நடுவில் எழுந்து நின்று, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"மனசாஸ்பத்திரீ! மனசாஸ்பத்திரி எல்லாம் எறங்குங்க! தரகரே, எறங்குங்க! அக்கா, எறங்குங்க்கா, வெய்யில்ல நடக்காதீங்க!"

ரிக் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. துரு ஏறியிருந்தாலும் போகவில்லை. தரகர் இறங்கினார். முந்தானைக்காரம்மா இறங்கினார். அண்ணன் எல்லோரையும் இறக்கிவிட்டுக் கடைசியில் இறங்கினான். நான் ரோட்டோரம் நின்று அழுதேன். எதற்கு அழுகிறாய் என்று அதே குரலில் அவன் கேட்டதும் இன்னும் அழுதேன்.

உள்ளே போனதும் நர்ஸ் ஓடிவந்தார். "வெளிய கத்துனது ஆருங்க? வந்து சேந்ததுல இருந்து வாயே தொறக்காத ஒருத்தரு, அது ஆருன்னு கேக்கறாரு."

மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் எங்கள் கண்டக்டர் சாய்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. விரல்கள் போர்வையில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன. அண்ணனைப் பார்த்ததும் விரல்கள் நின்றன.

"நீதான் கூவுனதா?"

"ஆமாங்க."

"விசில் குடுக்காம வண்டிய நிறுத்தப்படாது சாமி."

"என்கிட்ட விசில் இல்லீங்களே."

யோசித்தார். "எல்லாரும் எறங்கிட்டாங்களா?"

"எறங்கிட்டாங்க."

"எண்ணுனியா?"

"எண்ணலீங்க."

அவர் முகம் சுருங்கியது. விரல்கள் மறுபடி போர்வையைத் தேடின. ஜன்னலுக்கு வெளியே ரோட்டைப் பார்த்தார். வெறும் ரோடு, யாரும் விழுந்து கிடக்கவில்லை. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணன் கையை எட்டிப் பிடித்து, ஒரு மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார்.

"செரி உடு. போலாம், ரைட்!"

பழைய குரலில் பாதிகூட இல்லை. அதற்கே பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் ஓடிவந்து, "ஆஸ்பத்திரிங்க இது, மெதுவாப் பேசுங்க" என்றார்.

அண்ணன் திரும்பி, அந்த மாடி முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "மெதுவாச் சொன்னா ஸ்டாப்பிங்கு தாண்டிப் போயிருமுங்க, சிஸ்டர்!"